1965 மஸ்டாங் இன்ஜின் நீலமா கருப்பா? 1968 சார்ஜருக்கு என்ன கலர்?

ஸ்பூன்_டெஸ்ட்:

எல்லாருக்கும் வணக்கம். மேசைல ரெண்டு மாடல் கார் கிட் கெடக்கு, ரெண்டும் இன்ஜின் கலர்ல தான் மாட்டிட்டு நிக்குது. ஒண்ணு 1/24 ஸ்கேல் 1965 ஃபோர்டு மஸ்டாங் ஃபாஸ்ட்பேக், 289 வி8 இன்ஜின் (289ங்கறது கன அங்குலத்துல இன்ஜின் அளவு). இன்னொண்ணு 1/25 ஸ்கேல் 1968 டாட்ஜ் சார்ஜர் ஆர்/டி, 440 மேக்னம் இன்ஜின் போட்டுக் கட்டலாம்னு எடுத்து வச்சிருக்கேன்.

மஸ்டாங்கோட இன்ஜின் பிளாக்கை (இன்ஜினோட முக்கிய உடம்பு) போன வாரமே நீலத்துல அடிச்சு முடிச்சாச்சு, ஏன்னா நெட்ல தேடினா முக்கால்வாசி படம் நீல இன்ஜினா தான் வருது. முடிச்சு வச்சப்புறம் வேற ஒரு படம் கண்ல பட்டுச்சு, அதுல பிளாக் மொத்தமும் கருப்பு, வால்வ் கவரும் (இன்ஜின் மேல் மூடி) ஏர் க்ளீனரும் மட்டும் தங்கக் கலர். அதைப் பார்த்ததுலருந்து கை ஓடல. சார்ஜர் கதை இன்னும் மோசம், ஒரு படத்துல ஆரஞ்ச், ஒரு படத்துல கடல்பச்சையும் நீலமும் கலந்த மாதிரி டர்காய்ஸ், ரெண்டு வண்டியும் 1968 ஆர்/டி தான்னு கீழ போட்டிருக்கு. இதுல எது சரி?

இன்னொரு சந்தேகம். எந்தக் கலர் அடிச்சாலும் இன்ஜின் பேக்குள்ள, அதாவது பானெட்டுக்கு அடில இன்ஜின் உட்கார்ற இடத்துல, வச்சுப் பார்த்தா இருட்டா, பொம்மை மாதிரி தெரியுது. வெளில வச்சா சரியா இருக்கு. என்கிட்ட இருக்கறது தமியா அக்ரிலிக் பாட்டில் கொஞ்சமும் ஒரு சின்ன ஏர்பிரஷ்ஷும் தான். வெளிநாட்டு ஸ்ப்ரே கேன் ஆர்டர் பண்ணலாம்னு பார்த்தா ஏரோசால்ங்கறதால ஏர்மெயில்ல அனுப்ப மாட்டேங்கறாங்க, அதனால கலந்து தான் அடிக்கணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஹெமி_ஆரஞ்ச்:

சார்ஜர்னா ஆரஞ்ச் தான் ப்ரோ, யோசிக்கவே வேணாம். நான் பார்த்த எல்லா மோபார் இன்ஜினும், அதாவது டாட்ஜோட தாய்க் கம்பெனி கிறைஸ்லர் இன்ஜினும், ஆரஞ்ச். தமியா எக்ஸ்-6 ஆரஞ்ச்ல ரெண்டு சொட்டு சிவப்பு விட்டு அடிங்க, முடிஞ்சுது.

இருபத்தஞ்சில்_ஒண்ணு:

அவசரப்படாதீங்க ரெண்டு பேரும். கிறைஸ்லர் இன்ஜின்ல கம்பெனி பேரை வச்சோ வண்டி பேரை வச்சோ கலர் சொல்லவே முடியாது, எந்த இன்ஜின் எந்த வருஷம்னு பார்க்கணும். 1968 சார்ஜர் ஆர்/டிக்கு 440 மேக்னம் தான் ஸ்டாண்டர்ட், காசு அதிகம் குடுத்தா 426 ஹெமிங்கற இன்னொரு இன்ஜின் கிடைக்கும். அந்த வருஷம் 440 டர்காய்ஸ், ஹெமி ஆரஞ்ச். தம்பி பார்த்த ரெண்டு படமும் சரியா தான் இருந்திருக்கும், ஒண்ணு 440 இன்னொண்ணு ஹெமி, அவ்வளவு தான்.

படத்துல எது எதுன்னு கண்டுபிடிக்கறது சுலபம். ஹெமிக்கு வால்வ் கவர் நல்லா அகலமா, கருப்புல சுருக்கம் விழுந்த மாதிரி பெயின்ட்டோட இருக்கும், பிளக் வயர் கவரோட நடுவுலயே உள்ள இறங்கும். 440ல கவர் ஒல்லி, அதுவும் பிளாக்கோட சேர்த்து அதே டர்காய்ஸ் தான், பிளக் கீழ எக்ஸாஸ்ட் பக்கம் இருக்கும். வின் நம்பர் (வண்டியோட அடையாள எண்) தெரியற படம் கிடைச்சா இன்னும் நல்லது. 1968ல எக்ஸ்எஸ்29னு ஆரம்பிச்சா சார்ஜர் ஆர்/டி, அதுக்கு அடுத்த எழுத்து எல்னா 440, ஜேன்னா ஹெமி.

ஆரஞ்ச் குழப்பம் எங்கருந்து வருதுன்னா 1969 நடுவுல வந்த, மூணு கார்ப்பரேட்டர் வச்ச 440 சிக்ஸ் பேக் இன்ஜின் ஆரஞ்ச், அதைப் பார்த்துட்டு முன்னாடி வருஷத்து 440க்கும் ஆரஞ்சை அடிச்சுடறாங்க. அப்புறம் 1972 வாக்குல இருந்து எல்லாம் நீலத்துக்குப் போயிடுச்சு. அதனால 1973 சார்ஜரைப் பார்த்து 1968க்கு அடிச்சீங்கன்னா அதுவும் தப்பு.

மஸ்டாங்குக்கு வருவோம். 1965ல 289னா பிளாக், அது மேல உட்கார்ற ஹெட், காத்து உள்ள போற இன்டேக், முன்னாடி இருக்கற வாட்டர் பம்ப் வரைக்கும் கருப்பு, வால்வ் கவரும் ஏர் க்ளீனரும் தங்கம். அதே வருஷம் ஆறு சிலிண்டர் வண்டின்னா கவர் சிவப்பு. 1964 ஏப்ரல்ல வண்டி முதல்ல வந்தப்ப 260 வி8 போட்டாங்க, அதுக்கு கவர் வெளிர் நீலம். 271 குதிரைத்திறன் கே கோட் 289க்கு மட்டும் கவர் குரோம். 1966 மாடல்லருந்து தான் ஃபோர்டு எல்லா இன்ஜினையும் தலை முதல் கால் வரை ஒரே நீலத்துல அடிக்க ஆரம்பிச்சது. நீங்க அடிச்சது 1966 இன்ஜின் தம்பி, வேலை நல்லா பண்ணிருந்தாலும் இந்த வண்டிக்கு அது ஒட்டாது.

ஹெமி_ஆரஞ்ச்:

சிக்ஸ் பேக் விஷயம் எனக்குத் தெரியல அண்ணா. நான் பார்த்ததெல்லாம் 1970, 71 வண்டிகளா தான் இருந்திருக்கும். ஸ்பூன்_டெஸ்ட் ப்ரோ, நான் சொன்னதை விடுங்க, அண்ணா சொல்றது தான் சரி.

டெட்ராய்ட்_குளிர்:

நான் மிச்சிகன்ல பத்து வருஷமா இருக்கேன், ஆகஸ்ட் மாசம் உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் (பழைய வண்டிகள் ஊர்வலம்) வந்தா காலைல நாற்காலி போட்டு உட்கார்ந்து சாயங்காலம் தான் எழுந்திருப்பேன். அங்க வர்ற 1965 மஸ்டாங்ல நீல இன்ஜின் நிறைய பார்த்திருக்கேன், ஓனர்கிட்ட கேட்டா எண்பதுகள்ல இன்ஜின் இறக்கி வேலை பார்த்தப்ப கடைல கிடைச்ச ஃபோர்டு நீலத்தை அடிச்சுட்டாங்கன்னு சொல்வார், இல்லன்னா இன்ஜினே பின்னாடி வருஷத்து வண்டிலருந்து எடுத்துப் போட்டதுன்னு சொல்வார். அவங்க ஓட்டறதுக்காக வச்சிருக்காங்க, அதுல தப்பில்ல. ஆனா அந்த போட்டோ தான் நெட் முழுக்க நிரம்பிக் கெடக்கு, நம்ம மாதிரி ஆளுங்க அதை ஆதாரமா எடுத்துக்கறோம். ரிஸ்டோர் பண்ண வண்டி படம் பத்தைப் பார்க்கறதை விட கழட்டாத பழைய வண்டி படம் ஒண்ணு கிடைச்சா அதை நம்புங்க. வால்வ் கவருக்கு அடில, இன்டேக் ஓரத்துல, மோட்டார் மவுன்ட் பின்னாடி பழைய பெயின்ட் ஒட்டிட்டு இருக்கும்.

ஒரு முக்கியமான விஷயம், இதை மாடல் பண்றவங்க நிறைய பேர் கவனிக்கறதில்ல. ஃபேக்டரில பார்ட் பார்ட்டா அழகா பெயின்ட் அடிக்கல. இன்ஜினை அசெம்பிள் பண்ணி முடிச்சு, ஓட்டைகளை மூடிட்டு மொத்தமா ஸ்ப்ரே பண்ணாங்க. அதனால கேஸ்கெட் ஓரம், போல்ட் தலை எல்லாத்து மேலயும் அதே கலர் இருக்கும். ஆயில் பேன் போல்ட்டுக்கு ஒவ்வொண்ணா சில்வர் தொட்டு வைக்கறது பார்க்க அழகு, ஆனா நிஜ வண்டில அப்படி இல்ல. முன்னாடி சொன்ன தனிக் கலர் கவரும் ஏர் க்ளீனரும் போக, பெயின்ட்டுக்கு அப்புறம் மாட்டுனது தான் வேற கலர்: ஆல்டர்நேட்டர், கார்ப்பரேட்டர், புல்லி, ஃபேன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (புகை வெளில போற குழாய்) வெறும் வார்ப்பிரும்பு, ஒரு மாசம் ஓடுனாலே சாம்பலும் துருவும் கலந்த கலருக்கு வந்துடும். செவ்ரலேல ஹெட்டோட எக்ஸாஸ்ட் பக்கம் இருக்கற ஆரஞ்ச் பெயின்ட் கூட சூட்டுல கருகி உரிஞ்சிருக்கும்.

இந்த ஊர்ல கலர்னா வெறும் அழகு இல்ல, அடையாளம். ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) ஒரே கம்பெனின்னாலும் செவ்ரலே வி8 ஆரஞ்ச், போன்டியாக் வெளிர் நீலம், ப்யூக்கோட பழைய நெயில்ஹெட் இன்ஜின் பச்சை, பானெட்டைத் திறந்த உடனே யாரோட இன்ஜின்னு தெரிஞ்சுடும். 1977ல ஜிஎம்மோட இன்னொரு பிராண்டான ஓல்ட்ஸ்மொபீல் வண்டிகள்ல செவ்ரலே 350 இன்ஜினைப் போட்டு வித்தது வெளில வந்து வாங்குனவங்க கேஸ் போட்டாங்க, ஓல்ட்ஸ்மொபீல் காசு குடுத்தா ஓல்ட்ஸ்மொபீல் இன்ஜின் தானே இருக்கணும்னு. அதே 1977ல தான் ஜிஎம் எல்லா பிரிவுக்கும் ஒரே நீலத்துக்குப் போச்சு. எனக்கு இது இன்னிக்கும் வருத்தம் தான், அந்த ஆரஞ்ச் போனதோட ஒரு காலமே போயிடுச்சு. 1977க்கு அப்புறம் உள்ள செவ்ரலே மாடல் யாராவது கட்டுனீங்கன்னா ஆரஞ்ச் அடிச்சுடாதீங்க.

ஸ்பூன்_டெஸ்ட்:

ரொம்ப நன்றி அண்ணா ரெண்டு பேருக்கும். போல்ட்டுக்கெல்லாம் நான் சில்வர் தொட்டு வச்சிருந்தேன், ஒரு முழு ராத்திரி வேலை, பரவால்ல, எப்படியும் பிளாக்கை மறுபடி அடிக்கணும். நீலத்தை எடுக்காம அது மேலயே கருப்பு அடிக்கலாமா? அந்தத் தங்கம், டர்காய்ஸ் ரெண்டுக்கும் என்ன கலக்கறது? பேக்குள்ள இருட்டா தெரியறதுக்கு யாராவது வழி சொல்லுங்க.

பட்டறைக்காரன்:

நான் கோயம்புத்தூர்ல கார் பெயின்ட் பட்டறை வச்சிருக்கேன், மாடல் கட்டறது ஞாயித்துக்கிழமை வேலை. கலர் மேட்சிங் தான் எனக்கு சோறு போடுது, அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

முதல்ல பழைய பெயின்ட்டை எடுத்துடுங்க தம்பி. தமியா அக்ரிலிக் தானே, மெடிக்கல்ல கிடைக்கற ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல கொஞ்ச நேரம் ஊற வச்சு பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சா வந்துடும், பிளாஸ்டிக்குக்கு ஒண்ணும் ஆகாது. கோட் மேல கோட் போட்டா இந்த சைஸ்ல இருக்கற ரிப், போல்ட் எல்லாம் மூடிப்போகும். பட்டறைத் தின்னர் பக்கம் மட்டும் போயிடாதீங்க, அது பிளாஸ்டிக்கையே கரைச்சுடும்.

இருட்டா தெரியறதுக்குக் காரணம் இருக்கு. 1/24 மாடலை நீங்க 30 சென்டிமீட்டர் தூரத்துல வச்சுப் பார்த்தா நிஜ வண்டியை 7 மீட்டருக்கு மேல தள்ளி நின்னு பார்க்கற மாதிரி. அவ்வளவு தூரத்துல கலர் கொஞ்சம் வெளுத்து, பளபளப்பு குறைஞ்சு தான் கண்ணுக்குத் தெரியும். இதுல பானெட்டுக்கு அடில நிழல் வேற. ஒரிஜினல் பெயின்ட்டையே டப்பாலருந்து எடுத்து அடிச்சாலும் மாடல்ல இருட்டா தான் தெரியும். அதனால கலரை ஒரு படி வெளுக்கணும், ஆனா எல்லாத்துக்கும் வெள்ளை போடக்கூடாது, இங்க தான் நிறைய பேர் கெடுத்துக்கறாங்க. நீலத்துக்கும் டர்காய்ஸுக்கும் வெள்ளை போடலாம். ஆரஞ்சுக்கு வெள்ளை போட்டா பீச் பழக் கலருக்குப் போயிடும், அதுக்கு மஞ்சள் தான் போடணும். கருப்பைக் கருப்பாவே அடிக்காதீங்க, எக்ஸ்-18 செமி கிளாஸ் கருப்புல கொஞ்சம் சாம்பல் விடுங்க, அப்ப தான் பிளாக்ல இருக்கற வேலைப்பாடு கண்ணுக்குத் தெரியும்.

டர்காய்ஸுக்கு நான் பண்றது இப்படி. எக்ஸ்-14 ஸ்கை ப்ளூவை எடுத்துக்கிட்டு எக்ஸ்-28 பார்க் கிரீனை சொட்டு சொட்டா விட்டு வரணும், நீலமா பச்சையான்னு சொல்ல முடியாத இடம் வந்ததும் நிறுத்திடணும். அப்புறம் கொஞ்சம் வெள்ளை. ரொம்ப பளிச்சுனு பொம்மைக் கலரா நின்னா ஒரே ஒரு சொட்டு ஆரஞ்ச், அது எதிர்க்கலர், உடனே அடங்கிடும். ரெண்டு சொட்டு ஆச்சுன்னா சேறு ஆயிடும், ஜாக்கிரதை. தங்கத்துக்கு எக்ஸ்-12 கோல்ட் லீஃப் அப்படியே அடிச்சா நகைக்கடை மாதிரி மின்னும், எக்ஸ்-21 ஃப்ளாட் பேஸ் கொஞ்சம் கலந்து மினுக்கத்தைக் குறைச்சுக்கங்க.

பாட்டில்ல பார்க்கற கலர் வேற, காய்ஞ்சப்புறம் வேற. பிளாஸ்டிக் ஸ்பூன்ல ப்ரைமர் அடிச்சு, அது மேல கலர் அடிச்சு, ஒரு நாள் விட்டு வெயில்லயும் பாருங்க டியூப் லைட்லயும் பாருங்க. ஒரு லைட்ல மேட்ச் ஆகறது இன்னொரு லைட்ல ஆகாது, முக்கியமா இந்த நீலம் பச்சை நடுவுல இருக்கற கலர். பட்டறைல நாங்க கஸ்டமர் வண்டியை வெளில தள்ளி வெயில்ல வச்சுத் தான் டச்சிங் பார்ப்போம். நீங்க மாடலை எந்த லைட்டுக்குக் கீழ ஷெல்ஃப்ல வைக்கப் போறீங்களோ அந்த லைட்டுக்கு முடிவு பண்ணுங்க. ப்ரைமரும் விளையாடும். ஆரஞ்ச், மஞ்சள், சிவப்பு எல்லாம் மூடாத கலர், அடில வெள்ளையோ பிங்க்கோ இருக்கணும். டர்காய்ஸுக்கு சாம்பல் ப்ரைமர் போதும்.

நேரான_ஆறு:

அமெரிக்க வண்டி பேச்சுக்கு நடுவுல வர்றேன், மன்னிக்கணும். ஜாகுவார் கிட் கட்டறவங்களுக்கும் இதே தலைவலி உண்டு. எக்ஸ்கே இன்ஜின்ல பளபளன்னு பாலிஷ் பண்ண கேம் கவர் ரெண்டுக்கும் நடுவுல தெரியற ஹெட்ல தான் கலர் இருக்கும், அந்தக் கலர் எந்த ஹெட்னு சொல்லும். சி டைப் ஹெட்னா சிவப்பு, பி டைப்னா வெளிர் நீலம், இ டைப் வண்டில வர்ற ஸ்ட்ரெய்ட் போர்ட் ஹெட் தங்கக் கலர். நான் எக்ஸ்கே140 கட்டினப்ப இது தெரியாம தங்கம் அடிச்சுட்டேன், அப்புறம் ஸ்பெஷல் எக்விப்மென்ட் வண்டில வந்த சி டைப் ஹெட் சிவப்புன்னு தெரிஞ்சு திரும்ப எடுத்து அடிச்சேன். கண்ணுக்குத் தெரியற இடம் விரல் அகலம் கூட இல்ல, ஆனா அது தப்பா இருந்தா தெரிஞ்சவங்க கண்ணு நேரா அங்க தான் போகும்.

இருபத்தஞ்சில்_ஒண்ணு:

பட்டறைக்காரர் சொன்னதுக்கு மேல பெயின்ட் கலக்கறதுல சொல்ல ஒண்ணுமில்ல. கலருக்குப் பக்கத்துல இருக்கறதைப் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா பக்கத்துல இருக்கற கலர் தப்பா இருந்தா சரியான கலரும் தப்பா தெரியும். சார்ஜர்ல டார்க்ஃப்ளைட் ஆட்டோ கியர்பாக்ஸ் போட்டா அதோட கேஸ் அலுமினியம், பெயின்ட் கிடையாது, எக்ஸ்எஃப்-16 ஃப்ளாட் அலுமினியம் அடிங்க. நாலு ஸ்பீடு மேனுவல்னா கேஸ் வார்ப்பிரும்பு, அது இன்னும் கருமையா இருக்கும், எக்ஸ்எஃப்-84 டார்க் அயர்ன் சரியா வரும். மஸ்டாங்லயும் அதே தான், சி4 ஆட்டோ அலுமினியம், டாப்லோடர் நாலு ஸ்பீடு வார்ப்பிரும்பு. கிட்ல இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே ரெண்டு பாதியா வர்றதால நிறைய பேர் மொத்தத்தையும் இன்ஜின் கலர்லயே அடிச்சுடறாங்க.

பிளக் வயர் போடற ஐடியா இருந்தா தடிமனைப் பாருங்க. நிஜ வயர் ஏழு மில்லிமீட்டர் வாக்குல, 1/25ல அது 0.28 மில்லிமீட்டர் தான். கடைல கிடைக்கற மெல்லிசு ஹூக்கப் வயர் கூட இந்த ஸ்கேல்ல தோட்டத்து ஹோஸ் மாதிரி தெரியும். ஃப்ளெக்ஸிபிள் வயரை உரிச்சா உள்ள இருக்கற செம்பு இழை ஒண்ணை எடுத்து கருப்பு அடிச்சா ஓரளவு சரியா உட்காரும், மடிச்சா நிக்கவும் செய்யும்.

கடைசியா வாஷ், அதாவது ஓரங்கள்ல ஓட விடற தண்ணியான பெயின்ட். டர்காய்ஸ் மேல கரும் கருப்பு வாஷ் போடாதீங்க, அழுக்கா மட்டும் தெரியும். கருப்பும் பிரவுனும் கலந்து நல்லா தண்ணியாக்கி, வால்வ் கவர் ஓரத்துலயும் இன்டேக்குக்கு அடிலயும் மட்டும் ஓட விடுங்க, எண்ணெய் கசியற இடம் அது தான்.

பட்டறைக்காரன்:

வாஷுக்கு முன்னாடி க்ளியர் கோட் ஒண்ணு போட்டு காய விட்டுடுங்க, இல்லன்னா அக்ரிலிக் கலரோட கலந்து இழுத்துடும். க்ளியர் போட்டா கலர் கொஞ்சம் ஆழமாகும், அதனால ஸ்பூன் டெஸ்ட்லயே க்ளியரும் சேர்த்துப் பாருங்க.

ஸ்பூன்_டெஸ்ட்:

ரெண்டு வாரம் ஆச்சு, சொல்லாம விட்டுடக்கூடாதுன்னு வந்தேன். நீலம் ஆல்கஹால்ல அரை மணி நேரத்துல கழண்டு வந்துடுச்சு, சில்வர் போல்ட்டும் சேர்ந்து போச்சு. இப்ப பிளாக் கருப்பு, கவரும் ஏர் க்ளீனரும் தங்கம், ஃப்ளாட் பேஸ் பத்து சொட்டுக்கு ஒரு சொட்டு கணக்குல போட்டேன். கருப்புல சாம்பல் விட்டதும் இன்டேக்கோட ரன்னர் எல்லாம் பேக்குள்ள வச்ச பிறகும் தனித்தனியா தெரியுது, நான் இத்தனை நாளா வெறும் கருப்பா அடிச்சு இதையெல்லாம் மூடி வச்சிருந்திருக்கேன்.

டர்காய்ஸுக்கு ஏழு ஸ்பூன் ஆச்சு. நாலாவது ஸ்பூன் டியூப் லைட்ல அப்படியே படத்துல இருக்கற மாதிரி இருந்துது, காலைல மொட்டை மாடில கொண்டுபோய் பார்த்தா முழுப் பச்சை. ஆறாவதுல ஆரஞ்ச் ஒரு சொட்டு கூடிப் போச்சு. ஏழாவது ஸ்பூனை க்ளியர் போட்டு ஷெல்ஃப் லைட்டுக்குக் கீழ வச்சிருக்கேன், மூணு நாளா போறப்ப வர்றப்ப பார்த்துட்டே இருக்கேன், மாத்தணும்னு தோணல. கலந்தது மொத்தத்தையும் ஒரு சின்ன பாட்டில்ல ஊத்தி வச்சு, மேல எத்தனை சொட்டுன்னு எழுதி ஒட்டிட்டேன். ஞாயித்துக்கிழமை சார்ஜர் பிளாக் அடிக்கறேன், கியர்பாக்ஸை டேப் போட்டு மூடிட்டு தான்.

அண்ணா ஒரே ஒரு சந்தேகம், 440ல ஃபேன் பிளேடு கருப்பா இல்ல வெறும் மெட்டலா?

இருபத்தஞ்சில்_ஒண்ணு:

கருப்பு அடிங்க தம்பி, செமி கிளாஸ், அதுலயும் சாம்பல் கொஞ்சம். புல்லியும் அப்படியே. ஏழாவது ஸ்பூன் படம் இருந்தா போடுங்க, வெயில்ல எடுத்தது.